கடவைக்கு ஆள் கேட்குமுன் வானை நகர்த்துங்கள்

கேள்வி: நிலாவெளி வீதியோரம் உள்ள ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான். காலை ஏழு மணிக்குப் பிறகு எங்கள் வாசலில் வான், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் மஞ்சள் கடவையை ஒட்டியே நிற்கும். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தானாகவே வந்து சிவப்புத் துணியைக் காட்டிப் பிள்ளைகளைக் கடத்திவிடுகிறார். போக்குவரத்துப் பொலிஸார் கிழமையில் இரண்டு நாள் வந்தாலே பெரிய விஷயம். லண்டனில் இருக்கும் தங்கச்சி, அங்கே கடவைக்கும் பார்க்கிங்கிற்கும் கவுன்சிலே ஆள் போடும் என்கிறாள். எங்கள் பிரதேச சபையில் கேட்டால் அப்படியொரு பதவியே இல்லையாம். எப்படிக் கேட்டால் கிடைக்கும்? ஐயாவுக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? பாடசாலை மதிலோடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்று இருக்கிறது, அதை ஏதும் செய்யலாமா? இன்னொன்று: வாகனத் தரிப்பிடக் கட்டணம் அறவிடும் குத்தகைக்காரரிடம் என் மகனுக்கு ஒரு வேலை வருகிறது. சேரலாமா?
— ஒரு செயலாளர், உப்புவெளி

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

சபை உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. பிரதேச சபை ஊழியர்கள் மாகாண அரசாங்க சேவையைச் சேர்ந்தவர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில், அதாவது பதவிப் பட்டியலில், இல்லாத பதவிக்குத் தவிசாளரே நினைத்தாலும் ஆள் எடுக்க முடியாது. புதிய பதவி வேண்டுமென்றால் சபைத் தீர்மானத்தில் தொடங்கி உள்ளூராட்சி உதவி ஆணையாளர், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர், பிரதம செயலாளர் என்று ஏறி, கடைசியில் கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை கோப்பு போகவேண்டும். இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்தாலும் அது திரும்பி வராமல் போகலாம்.

ஆகவே பதவியைக் கேட்காதீர்கள், கடமையைக் கேளுங்கள். கடவைக் காவலரின் வேலை ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம்கூட வராது. காலையில் 6.50 முதல் 7.35 வரை, பகலில் பாடசாலை விடும் நேரத்தில் அரை மணித்தியாலம். அதற்கு முழுநேர நியமனம் கேட்டால் கணக்காய்வில் நிற்காது. சபையில் ஏற்கெனவே இருக்கும் வேலைப்பகுதி ஊழியர் ஒருவருக்கு அந்த இரண்டு வேளையையும் எழுத்தில் ஒதுக்கும்படி கேட்டால், செயலாளர் மட்டத்திலேயே முடியக்கூடிய காரியம். தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகள் பெரிய வகுப்புகளுக்கு முன்பே வீடு போவதை மறந்துவிடாதீர்கள். மிகச் சின்னப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலான பாடசாலை வாசல்களில் ஒருவரும் இருப்பதில்லை.

தங்கச்சி சொன்னது பாதி சரி. பிரித்தானியாவில் கடவைக் காவலருக்குச் சட்ட அந்தஸ்து 1953 இல் இயற்றிய தனிச் சட்டத்தால் வந்தது. இப்போது 1984 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, நீண்ட தடியில் உள்ள வட்டப் பலகையை அவர் காட்டினால் சாரதி நிறுத்தியே ஆகவேண்டும். மீறினால் 1,000 பவுண் வரை தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளியும். ஆனால் ஆளைப் போடவேண்டும் என்று அங்கேயும் கவுன்சிலுக்குக் கட்டாயம் கிடையாது. பணமிருந்தால் போடும், நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுவதும் இதைத்தான். பார்க்கிங் தண்டனை பொலிஸாரிடமிருந்து கவுன்சில்களுக்குக் கைமாறத் தொடங்கியது 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு. டொரொன்டோவில் கடவைக் காவலர்களை மாநகராட்சி பொலிஸாரிடமிருந்து முழுமையாகப் பொறுப்பேற்றது 2019 இல். எல்லா இடத்திலும் முதலில் சட்டம் மாறியது, பிறகுதான் ஆள் வந்தார்.

நம் நாட்டில் அந்த மாற்றம் நடக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், சைகை காட்டி வாகனத்தை நிறுத்துவதும், பிழையாக நிறுத்திய வாகனத்துக்கு அந்த இடத்திலேயே தண்டச் சீட்டு எழுதுவதும் பொலிஸாரின் வேலை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்குத் தன் சொந்த வீதிகளையும், உபவிதி இயற்றும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. தரிப்பிடம் குறிப்பதும் கட்டணம் அறவிடுவதும் அந்த வழியாகத்தான். எனவே மஞ்சள் அங்கி போட்ட சபை ஊழியர் கையை நீட்டினால் பஸ் சாரதி நிறுத்துவது மரியாதைக்கு. கடவையில் இறங்கிய பாதசாரிக்கு அவர் வழிவிடுவதோ சட்டத்துக்கு. உங்கள் காவலரின் பலமெல்லாம் அந்தப் பாதசாரி உரிமைதான். கடவையில் முதலில் இறங்கும் பாதசாரி அவர், கடைசியாக ஏறுபவரும் அவர். போக்குவரத்தை இயக்க அவர் வரவில்லை.

இப்போது வான்களுக்கு வருவோம். எனக்கு ஆளைவிட இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது.

மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். சாரதி கண்டு, யோசித்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதற்குள் 21 மீற்றர் போய்விடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 35. மார்கழி மழையில் வழுக்கும் வீதியில் 45 ஐத் தொடும். அதே வாகனம் 30 இல் வந்தால் காய்ந்த வீதியில் 18 மீற்றருக்குள் நின்றுவிடும். கடவைக்கு இரண்டு மீற்றரில் ஒரு வான் நிற்கிறது என்று வையுங்கள். முதலாம் வகுப்புப் பிள்ளையின் தலை அந்த வானின் ஜன்னலுக்குக் கீழே. பிள்ளை வானின் வெளி விளிம்புக்கு வந்த பிறகுதான் சாரதிக்குப் பிள்ளையும், பிள்ளைக்கு வாகனமும் தெரியும். அப்போது 35 மீற்றர் மிச்சம் இருக்காது. திருகோணமலை நகருக்குள் மான் குறுக்கே வந்தால் பொறுமையாக நின்று வழிவிடுகிற சாரதிகள்தான் இவர்களும். மான் வானுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரு பக்கமும் 35 மீற்றர் வெறுமையாக வைப்பது நடைமுறையில் நடக்காது, கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகும். ஆகவே வரிசைப்படுத்திக் கேளுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. வீதியைப் பார்த்தபடி ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு முதல் வாகனம் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். எனவே இரு ஓரங்களிலும், வீதியைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கமாக உள்ள பகுதியை முதலில் காலியாக்க வேண்டும். குறைந்தது 20 மீற்றர், அதாவது நான்கு வான் நீளம். இடப்பக்கம் பத்து மீற்றர் கிடைத்தாலும் போதும். பெயின்ட் கோடு மட்டும் போட்டால் மூன்றாம் நாள் அதன்மேல் ஆட்டோ நிற்கும். முழங்கால் உயரத் தூண்கள் ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக நட்டால்தான் இடம் இடமாக இருக்கும். ஒன்றரை மீற்றர் என்பது சக்கர நாற்காலி போகும், ஆட்டோ ஒட்டிக்கொண்டுதான் போகும் அளவு. இடைவெளியை இரண்டு மீற்றராக்கினால் ஆட்டோ உள்ளே வந்து நிற்கும்.

நிலாவெளி வீதி பிரதேச சபையின் வீதி இல்லை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. கோடு, தூண், அறிவிப்புப் பலகை எல்லாவற்றுக்கும் அதன் நிறைவேற்றுப் பொறியியலாளரின் அனுமதி வேண்டும். தவிசாளர் நல்லெண்ணத்தில் தூண் நட்டால் அவர்களே வந்து பிடுங்குவார்கள். ஒழுங்கை சபையின் வீதிப் பட்டியலில் இருந்தால் அது சபையின் கையில். (பட்டியலில் இருக்கிறதா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். பல ஒழுங்கைகள் யாருடைய பெயரிலும் இல்லாமல் கிடக்கின்றன.) உங்களுடைய சரியான ஆயுதம் அந்த ஒழுங்கைதான். வான்களைப் பிரதான வீதியில் நிற்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே நிற்பது என்று காட்டவேண்டும். காலை 6.45 முதல் 7.40 வரை ஒழுங்கையை ஒருவழிப் பாதையாக்கி, பாடசாலை மதில் பக்கத்தில் வான்கள் வரிசையாக வந்து பிள்ளையை இறக்கிவிட்டு நிற்காமல் போகும்படி செய்யலாம். மதில் பக்கம் வானின் இடப்பக்கமாக வரவேண்டும், ஏனென்றால் கதவு இடப்பக்கம். திசையை மாற்றிப் போட்டால் பிள்ளைகள் ஒழுங்கையின் நடுவே இறங்குவார்கள். மதிலில் இரண்டாவது வாசல் ஒன்று திறக்க முடியுமா என்று அதிபரிடம் பேசுங்கள். அது திறந்தால் வானில் வரும் பிள்ளைகளில் பெரும்பகுதி பிரதான வீதியைக் கடக்கவே தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைக்கு வரும் சுற்றுலா வான்கள் ஒழுங்கையை நிரப்பும் என்பதால், காலை நேரத் தடைப் பலகையில் நேரத்தை மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

மிச்சமாகும் பிள்ளைகளுக்குக் காவலர் தேவையா என்பதை எண்ணித்தான் சொல்லவேண்டும். எண்ணிக்கை இல்லாத கடிதத்துக்கு எந்தப் பொறியியலாளரும் பதில் போடமாட்டார். வழமையான மூன்று பாடசாலை நாட்களில் எண்ணுங்கள். வெள்ளி வேண்டாம், பரீட்சைக் காலமும் போயா கிழமையும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, கடக்கும் பிள்ளைகளையும் இரு திசை வாகனங்களையும் குறித்து, தொடர்ச்சியான ஆறு கட்டங்களில் மிகப் பரபரப்பான அரை மணித்தியாலத்தை எடுங்கள். பிரித்தானியாவில் நெடுங்காலமாகப் பாவிக்கும் கணக்கு இது: பிள்ளைகளின் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் 40 இலட்சத்தைத் தாண்டவேண்டும். அறுபது பிள்ளைகள், 250 வாகனம் என்றால் 37.5 இலட்சம், எல்லைக்குக் கீழே. எண்பது பிள்ளைகள், 400 வாகனம் என்றால் 128 இலட்சம், கேள்வியே இல்லை. நம் ஊருக்கு இது சட்டம் இல்லை, ஆனால் பேசுவதற்கு ஒரு தராசு. மோட்டார் சைக்கிள்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். நின்ற பஸ்ஸின் இடப்பக்க இடுக்கால் நுழைந்து வருவது அவைதான்.

இரண்டாவது எண்ணிக்கை இடைவெளி. காவலர் வாகனத்தை மறிப்பதைவிட, வரும் இடைவெளியைப் பிடித்துப் பிள்ளைகளை அனுப்புவதே நல்லது. எவ்வளவு இடைவெளி வேண்டும்? வீதியின் அகலம் ஏழு மீற்றர், பிள்ளை விநாடிக்கு ஒரு மீற்றர் நடக்கும், ஆகவே ஏழு விநாடி. பார்த்துப் புறப்பட மூன்று விநாடி. முதல் வரிசைக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு விநாடி. இருபத்தைந்து பிள்ளைகளை ஐந்து ஐந்தாக நிறுத்தினால் ஐந்து வரிசை: 7 + 3 + 8, மொத்தம் 18 விநாடி. அதே பிள்ளைகளைக் கைகோர்த்து இரண்டு இரண்டாக விட்டால் 13 வரிசை, 34 விநாடி. அவ்வளவு நேரம் காலை ஏழு மணிக்கு எந்த வீதியும் தராது. வடிவாக இருக்கிறது என்பதற்காக ஆசிரியர்கள் பழக்கும் அந்த நீள வரிசைதான் கடவையில் வில்லங்கம். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது 18 விநாடி இடைவெளி கிடைத்தால் பழகிய காவலர் சமாளிப்பார். கிடைக்காவிட்டால் பொலிஸ் அலுவலர் கட்டாயம் என்று எழுதிக் கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

நிற்கும் முறை சுருக்கமாக. பிள்ளைகள் வீதியோரத்திலிருந்து ஒரு மீற்றர் பின்னால், தரையில் போட்ட கோட்டுக்குப் பின் நிற்கவேண்டும். காவலர் தனியே இறங்கி நடுக்கோட்டுக்குப் போய், பலகையை உயர்த்தி, இரு பக்கத்திலும் முதல் வாகனம் நின்றுவிட்டதா, அதன் இடப்பக்க இடுக்கில் சைக்கிள் ஏதும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயால் கூப்பிடுவார். விசிலால் கூப்பிடக் கூடாது. பொலிஸார் வேறு எதற்கோ விசில் ஊதும் நாளில் பிள்ளை இறங்கிவிடும். "நீ போ" என்று எந்தச் சாரதிக்கும் கை காட்டவும் கூடாது. அந்தக் கையை நம்பிப் போனவர் மோதினால் பழி காவலர் தலையில். கடைசிப் பிள்ளை ஓரம் ஏறி, பிறகு அவரும் ஏறும்வரை பலகை இறங்கக் கூடாது. கனடாவின் ஒன்ராறியோவில் 2016 தொடக்கம், காவலரும் வீதியை விட்டு முழுதாக நீங்கும்வரை சாரதி நின்றே இருக்கவேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சிவப்புத் துணியை விட்டுவிடச் சொல்லுங்கள். காலை வெயிலுக்கு எதிராகப் பார்க்கும் சாரதிக்குச் சிவப்பு கறுப்பாகவே தெரியும். மினுங்கும் மஞ்சள்-பச்சை மேலங்கி, அதில் ஐந்து சென்ரிமீற்றர் அகல ஒளிதெறிப்புப் பட்டி, தடியோடு 45 சென்ரிமீற்றர் வட்டப் பலகை இருபுறமும் எழுதியது. "நிறுத்து" என்று எழுதுமுன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் உருவப் படமே போதும். மழைக்காலத்தில் காவலர் குடை பிடிக்கக் கூடாது. மழைக்கோட்டைப் போட்டு, மேலங்கி அதற்கு மேலே வரவேண்டும். பலர் கீழே போட்டு மூடிவிடுகிறார்கள்.

ஐயாவின் பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். இன்று அவருக்கு அடிபட்டால், மோதிய வாகனத்தின் காப்புறுதியைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. சங்கக் கூட்டத்தில் அவரைத் தொண்டராக ஏற்றுத் தீர்மானம் எழுதி, அதிபர் கையொப்பமிட்டு, நேரமும் இடமும் குறித்த கடிதம் கொடுங்கள். அவர் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுங்கள். கண்ணும் காதும் பரிசோதித்துக்கொள்ளட்டும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைக் கேட்காத காது இந்த வேலைக்கு ஆகாது, அதை மரியாதையோடு சொல்லலாம். சபை ஊழியர் என்றால் கடமைக் கட்டளை எழுத்தில் இருக்கவேண்டும். வாய்மொழியில் நிற்கச் சொன்னால், விபத்துக்குப் பிறகு "அவர் தன் வேலை நேரத்தில் அங்கே ஏன் நின்றார்" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

மகனின் வேலை. சேரலாம், நான்கு விஷயம் பார்த்துவிட்டு. நியமனக் கடிதம் இருக்கிறதா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறாரா. சபை முத்திரையும் தொடரிலக்கமும் உள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம் கொடுக்கிறாரா. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை அறவிடலாம் என்று வரைபடம் இருக்கிறதா. நாலாவது மிக முக்கியம். கட்டணம் வாங்குபவருக்குத் தண்டம் எழுதும் அதிகாரம் இல்லை, ஆனால் அவர் கிழித்துக் கொடுக்கும் சீட்டை சாரதி அனுமதியாகவே எடுத்துக்கொள்வார். குத்தகைக்காரரின் வருமானம் வாகன எண்ணிக்கையில் இருப்பதால், இடம் கடவை வரை நீளும். உங்கள் மகன் கடவையோரம் நின்ற வானுக்குச் சீட்டுக் கொடுத்தால், பொலிஸார் அந்த வானுக்குத் தண்டம் எழுதும்போது சாரதி அந்தச் சீட்டையே நீட்டுவார். தரிப்பிடக் குத்தகைக்கான அடுத்த கேள்விப்பத்திரத்தில் "பாடசாலைக் கடவைகளிலிருந்து இத்தனை மீற்றருக்குள் அறவிடக் கூடாது, மீறினால் ஒப்பந்தம் இரத்து" என்ற வரி வரும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் சொல்லுங்கள்.

கடிதங்கள் மூன்று, ஒரே நாளில், ஒன்றின் பிரதி மற்றவர்களுக்கும். பொறியியலாளருக்கு: எண்ணிக்கைத் தாள், கை வரைபடம், காலியாக வேண்டிய 20 மீற்றர், தூண்கள். சபைச் செயலாளருக்கு: ஒழுங்கையின் ஒருவழி நேரம், இரண்டு வேளைக் கடமை ஊழியர். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு: முதல் இரண்டு கிழமை தினமும் காலையில் ஒரு அலுவலர். இது மிக முக்கியம், புதிய ஒழுங்கு பழகும் காலத்தில் தண்டச் சீட்டு எழுதக்கூடியவர் நிற்காவிட்டால் வான்கள் பழைய இடத்துக்கே வரும். மூன்றிலும் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், தூண், பலகை, மேலங்கிச் செலவு அடுத்த பாதீட்டில் வரவேண்டுமென்றால் செப்டெம்பருக்குள் கடிதம் சபைக்குப் போயிருக்க வேண்டும். வான் சாரதிகளோடு மட்டும் கடிதத்துக்கு முன்பே ஒரு சனிக்கிழமை இருந்து பேசுங்கள். ஒழுங்கையில் எந்த வளைவில் எந்த வான் திரும்பாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.